அண்ணன் எண்ணுக்கு வந்த அழைப்புகள்

2025 ஜனவரி 21, செவ்வாய்

நேற்று எழுதியதில் ஒரு தவறு இருக்கிறது. அண்ணன் மனைவியான மைனியின் பெயரில் உள்ள செல்போன் கடன் 2023 ஜூன் 12 அன்று தொடங்கியது என்று எழுதியிருக்கிறேன். அது அந்தக் கடனின் தேதி அல்ல. அதற்கு மேலே இருக்கும், நாங்கள் அறிந்தே வாங்கிய ஃபிரிட்ஜ் கடனின் தேதி. பிரிண்ட் எடுத்த கிரெடிட் ரிப்போர்ட்டில், செல்போன் கடனின் தலைப்பு ஒரு பக்கத்தின் அடியிலும் விவரம் அடுத்த பக்கத்தின் மேலேயும் விழுந்திருந்தது. நான் மேல் வரியின் தேதியைக் கீழ் வரிக்கு எழுதிவிட்டேன்.

மாலைக் கணக்கு வகுப்பில் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெயர்த்து எழுதிய ஒவ்வொரு எண்ணையும் மறுநாள் மூலத்தோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பென்சிலால் டிக் போட வேண்டும். இன்று அப்படிப் போட்டுக்கொண்டு வந்தபோது பதினொன்றாவது எண்ணில் பென்சில் நின்றது. செல்போன் கடன் தொடங்கிய நாள் 2023 அக்டோபர் 11.

பைசான் அண்ணன் இறந்தது 2023 ஆகஸ்ட் 18. செம்பூரில் டெம்போ கவிழ்ந்தது. விரலில் எண்ணினேன், பிறகு காலண்டரில் எண்ணினேன். ஐம்பத்து நான்கு நாள்.

நான் சரியாகத்தான் படிக்கிறேனா என்று சந்தேகம் வந்து, தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். அக்டோபர்தான்.

இது சின்னத் தவறு என்று நேற்றாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தத் தவறான தேதியை வைத்துக்கொண்டு நேற்று வீட்டில் பேசிவிட்டேன். "அண்ணன்தான் மைனி, உங்க பேருல வாங்கிருக்கான். மவுத்தாகுறதுக்கு ரெண்டு மாசம் முன்னால. நம்மகிட்ட சொல்லல" என்றேன். மைனி அலமாரிக்குப் போய், சார்ஜில் கிடந்த அண்ணனின் போனை எடுத்து அணைத்துவிட்டு, துணிகளுக்கு அடியில் வைத்தாள். பதினேழு மாதமாக அந்தப் போன் ஒரு நாளும் அணைந்ததில்லை.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று பெண்கள்: உம்மா, அண்ணன் மனைவி நூர் நிஷா மைனி, நான். தாராவி தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் கீழே ஓர் அறை, ஏணி ஏறினால் மேலே ஓர் அறை. மேல் அறையில் மைனி பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறாள். நான் பகலில் செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பில் போடுகிறேன். மாலையில் மாட்டுங்காவில் கணக்கு வகுப்பு.

மாட்டுங்காவில் ஒரு யூனிபார்ம் கடைக்காரர், சொந்தமாகக் காஜா மெஷின் இருந்தால் ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்கு எண்ணூறு சட்டை தருகிறேன் என்றிருக்கிறார். பித்தான் துளை போட வெளியே கொடுத்தால் சட்டைக்குக் கிடைப்பதில் பாதி அங்கேயே போய்விடும். மார்ச் முதல் வாரத்துக்குள் மெஷின் வந்தாக வேண்டும். அதற்குத்தான் மைனி பேங்கில் எழுபதாயிரம் கேட்டாள்.

பேங்கில் லோன் பார்க்கும் பாகீரதி மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு செல்போன் லோன் ஆறு மாசமா கட்டாம நிக்கறதே, தெரியாதா? இத வச்சுண்டு நான் மேல அனுப்பினா உடனே திரும்பி வந்துடும். மொதல்ல உங்க கிரெடிட் ரிப்போர்ட்ட எடுத்துப் பாருங்கோ. வருஷத்துக்கு ஒரு தடவை காசில்லாமலே தரா. ஒருத்தரும் பாக்கறதில்ல."

மைனி செல்போன் கடன் வாங்கியதில்லை. அவளுக்கென்று ஒரு போனே இல்லை.

ஜனவரி 22, புதன்

காலையிலேயே சொல்லிவிட்டேன். உம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மைனி பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மைனி, முந்தாநாள் சொன்னது தப்பு. அண்ணன் வாங்கல. தேதிய மாத்திப் படிச்சிட்டேன்."

"என்னது?"

"கடன் எடுத்தது அக்டோபர் பதினொண்ணு."

பாபின் நின்றது. "அக்டோபர்ல நான் இத்தாவுல இருந்தேன்" என்றாள் மைனி.

கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. மைனி அதை ஒரு நாள் குறையாமல் இருந்தாள். டிசம்பர் கடைசிவரை ஏணிக்குக் கீழே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தோம். தண்ணீர் பிடிக்கக்கூட நான்தான் போனேன்.

"கடைவீதிக்குப் போயி செல்போன் வாங்குனேனாக்கும்? அன்னைக்கெல்லாம் நான் வாசல் வெயிலக்கூடப் பாக்கலளா."

உம்மா கையில் மாவோடு திரும்பினாள். "அப்ப எம் புள்ள வாங்கல?"

"இல்ல உம்மா."

"பொறவு எதுக்குளா முந்தாநாளு அப்படிச் சொன்ன? ரெண்டு நாளா ஒரு வாய் எறங்கல எனக்கு. மண்ணுக்குள்ள கெடக்கவன கடன்காரன்னு சொல்லிப்புட்டியே."

மைனி துணிகளுக்கு அடியிலிருந்து போனை எடுத்துச் சார்ஜ் போட்டாள். கறுப்புத் திரையில் வெளிச்சம் வந்ததும் தவறிய அழைப்புகளின் மெசேஜ்கள் வரிசையாக விழுந்தன. பதினான்கு.

இந்த அழைப்புகளைப் பற்றி எழுத வேண்டும். போன ஆகஸ்டிலிருந்து அண்ணனின் எண்ணுக்குப் பெயர் தெரியாத எண்களிலிருந்து கூப்பிடுவார்கள். நாங்கள் யாரும் எடுக்க மாட்டோம். உம்மா எடுக்க விடமாட்டாள். மணி அடித்து ஓயும்வரை கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். "அவனத் தேடுதவங்க இன்னும் இருக்காங்க பாரு" என்பாள். எடுத்தால், அவன் இல்லை என்று சொல்லவேண்டி வரும். அது அவளால் முடியாது. எங்களாலும் முடியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

லேபில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் செம்பூர் ஆபீசுக்குப் போனோம். மைனி, உம்மா, நான். உம்மாவை வரவேண்டாம் என்றோம், கேட்கவில்லை.

அங்கே இருந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினான். இந்தியில் பேசினான், உம்மாவுக்காக நான் தமிழில் சொன்னேன். மைனியின் பான் கார்டு எண்ணைப் போட்டதும் கணக்கு வந்தது. முப்பத்தெட்டாயிரத்துக்கு ஒரு செல்போன். பதினெட்டுத் தவணை. ஒன்பது தவணை ஒழுங்காகக் கட்டியிருக்கிறது. பிறகு நின்றிருக்கிறது.

"கடைக்கு நேரில் வந்தார்: ஆம்" என்று ஒரு கட்டம். பக்கத்தில் மைனியின் போட்டோ. அது கடையில் எடுத்த போட்டோ இல்லை. வெள்ளை முக்காட்டோடு, கண் வீங்கி, விபத்து இழப்பீட்டு விண்ணப்பத்துக்காக வீட்டிலேயே நான் எடுத்த போட்டோ.

எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டேன். திரையில் ஒரு குறியீட்டு எண்தான் இருக்கிறது, பெயர் மேலிடத்தில் கேட்டால்தான் தெரியும் என்றான். பிறகு கீழே இறங்கி இன்னொரு வரியைப் படித்தான். சரிபார்ப்பு அழைப்பு, அண்ணனின் எண்ணுக்கு. அக்டோபர் 12. கணவர் பைசான் பேசினார். உறுதி செய்தார்.

நான் இதைத் தமிழில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். மொழிபெயர்த்துக்கொண்டே வந்த வேகத்தில் சொல்லிவிட்டேன்.

உம்மா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"என்ன சொன்னானாம்?"

"உம்மா, அது அண்ணன் இல்ல."

"தெரியும்ளா. நான் கேக்கது, என்ன சொன்னானாம்?"

அந்த ஆளிடம் கேட்டேன். அவன் தயங்கிவிட்டுப் படித்தான்: "மனைவிதான் வாங்குகிறாள். பணம் நான் கட்டுவேன்." அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பதிவு செய்த குரல் வேண்டுமென்றால் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்றான்.

நான் அவனிடம் இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். ஆகஸ்ட் 18. அவன் சான்றிதழையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "மேடம், இது உங்க கடன் இல்லைன்னு டிஸ்ப்யூட் போடுங்க" என்று மெதுவாகச் சொன்னான்.

திரும்பும்போது பஸ்ஸில் உம்மா சயான் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடி, "நான் கட்டுவேன்னு சொல்லிருக்கான்" என்று தனக்குள் சொன்னாள். மைனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரி 24, வெள்ளி

இறந்த ஐம்பத்தைந்தாம் நாள் அண்ணனின் போனில் அண்ணனாகப் பேசியது யார்? அந்தப் போன் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

2023-ஆம் வருட நோட்டை மேலே டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அக்டோபர் 11, புதன். என் கையெழுத்து. அப்படியே பெயர்த்து எழுதுகிறேன்:

"சலாவுதீன் மாமா விபத்துப் பணத்துக்காக வந்தார். திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். அண்ணன் போனில் ஓ.டி.பி. வந்தது, வாசித்தேன். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று வந்தது. முதல் நம்பர் விழவில்லை என்றார். அதையும் வாசித்தேன். இரண்டாவது மெசேஜ் வேறு மாதிரி இருந்தது. கேட்கலாமா என்று நினைத்தேன், கேட்கவில்லை."

அக்டோபர் 12, வியாழன்: "இழப்பீட்டு ஆபீசிலிருந்து போன் வரும், எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியும் என்று மாமா அண்ணன் போனை எடுத்துப்போனார். பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு கொண்டுவந்து கொடுத்தார்."

சலாவுதீன் மாமா சொந்த மாமா இல்லை. ஊரில் உம்மா தெருக்காரர். தொண்ணூறு அடி ரோட்டில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், செல்போன் கடை வைத்திருக்கிறார். தவணைக்கும் போன் கொடுப்பார். அண்ணன் இறந்த நாளிலிருந்து காகித வேலை எல்லாம் அவர்தான் பார்த்தார். இரண்டு லட்சம் இழப்பீடு வந்தது. ஒரு ரூபாய் வாங்கவில்லை.

எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் பெண்களின் ஆதார், பான், பேங்க், கேஸ் எல்லாம் வீட்டு ஆணின் எண்ணோடுதான் கட்டியிருக்கும். யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. ஆண் போய்விட்டால் அந்த எண் வீட்டிலேயே தங்கிவிடும். மைனிக்கு வர வேண்டிய எல்லா ஓ.டி.பி.யும் இறந்துபோனவரின் போனுக்கு வந்தன. மைனி திரைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். வாசித்தது நான்.

டிஸ்ப்யூட் கடிதத்தில் சேர்க்க இந்த நோட்டு தேவையில்லை, இறப்புச் சான்றிதழே போதும் என்று எனக்கு நானே நாலைந்து முறை சொல்லிக்கொண்டேன். நோட்டை மறுபடி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். வகுப்புக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்.

ஜனவரி 25, சனி

உம்மாவே அவரைக் கூப்பிட்டுவிட்டாள். "சலாவுதீனுக்கு இதெல்லாம் தெரியும். ஒரு வார்த்த கேப்போம்" என்று பக்கத்து வீட்டுப் போனிலிருந்து பேசியிருக்கிறாள். நான் லேபிலிருந்து வந்தபோது அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"லாத்தா, கேஸ் கீஸ் ஒண்ணும் வேண்டாம்" என்று உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ரிப்போர்ட்டு அது இதுன்னு போனா வருசக்கணக்குல இழுப்பான். நம்ம புள்ள நூருக்காவ மிச்சப் பணத்த நானே கட்டி முடிச்சிருதேன். பைசான் எனக்குத் தம்பி மாதிரி. சலேகா, சரியாப் போயிரும். டென்சன் எடுக்காதிய."

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சந்தூக்குக்குத் தோள் குடுத்தவன், இதையும் தூக்குதான்" என்றாள். அண்ணனைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோன அந்தப் பெட்டியின் முன்பக்க வலது கொம்பை அவர்தான் பிடித்திருந்தார். நானும் மாடியிலிருந்து பார்த்தேன்.

மைனி ஏணிப் படியில் உட்கார்ந்து அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் புறப்பட்டபோது செருப்பு எடுத்துக் கொடுக்கிற சாக்கில் சந்துவரை போனேன்.

"மாமா, அக்டோபர் பன்னெண்டு அண்ணன் போன்ல பேசுனது நீங்கதான?"

அவர் நின்றார். குழாயடியில் குடம் நிரம்பும் சத்தம். யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

"காலி பீலி சும்மா பெருசாக்காத ஜோயா" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அந்த மாசம் கம்பெனி டார்கெட்டுக்கு ஒரே ஒரு லோன் கேஸ் கொறஞ்சுது. அது போடலேன்னா ஏஜென்சியப் புடுங்கிருவான். போனை நானே எடுத்து வித்து, தவணையும் நானேதான் கட்டுனேன். ஒம்பது மாசம் ஒழுங்காக் கட்டுனேம்லா? அப்பொறம் கடை படுத்துட்டு. நான் என்ன ஓடியா போயிட்டேன்?"

"எங்க அண்ணனா நீங்க பேசிருக்கிய மாமா."

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. அவருக்கும் அது ராத்திரிகளில் நினைவுக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் உடனே சரியாகிவிட்டார்.

"ஓ.டி.பி. வாசிச்சது யாரு புள்ள? நீதான? எழுதிக் குடுத்தா உம் பேரும்தான் வரும். நெனச்சுப் பாரு."

வீட்டுக்குள் வந்து சோறு தின்றேன். மைனி பரிமாறினாள்.

ஜனவரி 26, ஞாயிறு

சந்தில் கொடி ஏற்றி, சின்னப் பிள்ளைகளுக்கு வடா பாவ் கொடுத்தார்கள். மைனி மேல் அறையில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏணி ஏறிப்போய் 2023 நோட்டை மெஷின் பலகையில் வைத்தேன். மைனிக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும். நானே வாசித்தேன். இரண்டாவது மெசேஜ் வேறு மாதிரி இருந்தது, கேட்கவில்லை என்ற வரியை வாசிக்கும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

மைனி மெஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்தினாள்.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம."

"ரெண்டு நாளு எங்கூட உக்காந்து சோறு தின்னிருக்க."

"ஆமா மைனி."

"அதுக்கு முன்னால ஒங்க அண்ணனக் கடன்காரன்னு சொன்ன. அதச் சொல்ல ஒனக்கு ஒரு நிமிசம் ஆகல. உன்னையச் சொல்ல ரெண்டு நாளு ஆச்சு."

அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது. மைனி அடிக்கவில்லை, அழவும் இல்லை. அரைகுறையாகத் தைத்திருந்த காலரை எடுத்து நூலைக் கடித்து அறுத்தாள். பிறகு கீழே இறங்கினாள். நானும் இறங்கினேன்.

உம்மாவிடம் அவளே சொன்னாள். முழுவதும் சொன்னாள். உம்மா முதலில் நம்பவில்லை, பிறகு நம்பினாள், அதற்குப் பிறகும் சொன்னாள்: "தோள் குடுத்தவன்லா. அவன்மேல போலீசுல எழுதிப்புட்டு இந்தத் தெருவுல எப்படி நடப்போம்? அதான் கட்டிருதேன்னு சொல்லுதானே."

"தோள் குடுத்தாரு மாமி, நான் மறக்கல. அதுக்குக் கூலி எம் பேருல எடுத்துருக்காருல்லா. ஒங்க மவன் வாயிலயும் எடுத்துருக்காரு."

பாகீரதி மேடம் எண் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்று தயங்கினேன், மைனி போடச் சொன்னாள். குக்கர் விசிலுக்கு நடுவில் அவர் பேசினார்.

"அவர் கட்டினா கணக்கு மூடினதா காட்டும், வாஸ்தவம். ஆனா ஆறு மாசம் கட்டலைங்கற கறை உங்க மைனி பேர்லயே வருஷக்கணக்கா நிக்கும். வாங்காத கடனை வாங்கினதா ஒத்துண்ட மாதிரி. கறை போகணும்னா, இது என் கடனே இல்லைன்னு டிஸ்ப்யூட் போடணும். போட்டா, ரிப்போர்ட் குடுக்கறவா கடன் குடுத்த கம்பெனியக் கேப்பா. முப்பது நாள்ள பதில் சொல்லணும். போலீஸ் புகாரோட நகலையும் சேர்த்தேள்னா பலம்."

போனை வைத்த பிறகு மைனி உம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள்.

"மாமி, இதுல தப்பு அவரு ஒருத்தருது மட்டும் இல்ல. எம் பேரு எங்கெங்க கெடக்குன்னு நான் ஒரு நாளும் பாத்ததில்ல. கார்டு ஒங்க மவன்கிட்ட இருந்துச்சு, பொறவு சலாவுதீன் பாய்கிட்ட இருந்துச்சு. வாசிக்கது ஜோயா. நான் தெரைக்கு உள்ள. நம்பிக்கைன்னு சொல்லி நாம எல்லாருமா சேந்து கண்ண மூடிக்கிட்டோம். கைநாட்டு வைக்கதும் ஓ.டி.பி. சொல்லுததும் ஒண்ணுதான். யாருக்குக் குடுத்தாலும் குடுத்ததுதான். அவங்கவங்க பேர அவங்கவங்க கண்ணால பாக்கணும். பாக்காம இருந்தா, செத்தவங்க வாயிலகூட வாக்குமூலம் வாங்கிருவான்."

உம்மா நெடுநேரம் முந்தானையை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதும்போது," என்றாள் கடைசியில், "எம் மவன் வாங்கலன்னும் எழுதுவியளா?"

"எழுதுவோம் மாமி."

"அப்ப எழுதுங்க."

ஜனவரி 27, திங்கள்

வகுப்பு இல்லாத நாள். மாலை ஏழு மணிக்கு என் போனில் கடன் தகவல் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்தோம். உள்ளே போக ஓ.டி.பி. கேட்டது. அது அண்ணனின் போனுக்கு வந்தது. இந்த முறை நான் தொடவில்லை. மைனியே எடுத்து, முதலில் மெசேஜை முழுக்கப் பார்த்தாள். யார் அனுப்பியது, எதற்கு என்று என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு ஒவ்வொரு எண்ணாக அவளே அழுத்தினாள். இரண்டு நிமிடம் ஆகிவிட்டது, நேரம் முடிந்துவிட்டது. மறுபடி வரவழைத்து மறுபடி அழுத்தினாள்.

செல்போன் கடனுக்கு எதிரே "இந்தக் கணக்கு என்னுடையது அல்ல" என்பதைத் தேர்ந்தெடுத்தோம். காரணம் எழுத ஒரு சின்னக் கட்டம். ஆங்கிலத்தில் எழுத வேண்டும். வாசகத்தை மைனி தமிழில் சொன்னாள்: "2023 அக்டோபர் 11 அன்று நான் கடைக்குப் போகவில்லை. இத்தாவில் வீட்டுக்குள் இருந்தேன். 12-ஆம் தேதி என் கணவர் பேசவில்லை. அவர் அப்போது உயிரோடு இல்லை. அவர் இந்தக் கடனை வாங்கவில்லை." ஓ.டி.பி.யை வாசித்தது கணவரின் தங்கை ஜோயா என்பதை நான் சேர்த்தேன். கட்டத்தில் இடம் போதவில்லை. தனித் தாளில் விரிவாக எழுதி, நோட்டின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து, இறப்புச் சான்றிதழோடு இணைத்தோம். ஒவ்வொரு தேதிக்கும் சிவப்பு டிக் போட்டேன். பிறகு மைனி ஒவ்வொன்றையும் தன் விரலால் தொட்டுப் பார்த்தாள். புகார் எண் வந்தது. அதை நோட்டு அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

முப்பது நாள் என்றால் பிப்ரவரி 26. காஜா மெஷினுக்கு மார்ச் முதல் வாரம். நெருக்கிப் பிடித்தால் நடக்கும், நடக்காமலும் போகலாம். எண்ணூறு சட்டை வேறு யாருக்காவது போய்விடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. மைனி அதைப் பற்றிப் பேசவில்லை. சலாவுதீன் மாமாவின் கடை இன்று திறக்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

நோட்டை மூடப்போகும்போது அண்ணனின் போன் அடித்தது. பெயர் இல்லாத எண். உம்மா வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டாள். மைனி எழுந்தாள். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து, கடன் வசூலிக்கிறவர்கள் பைசான் இருக்கிறாரா என்று கேட்டிருக்க வேண்டும்.

"பைசான் நஹி ஹை" என்றாள் மைனி. ஒரு மூச்சு விட்டாள். "டேட் சால் ஹோ கயா குசரே. மை நூர் நிஷா. போலோ."

பைசான் இல்லை, இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது, நான் நூர் நிஷா, சொல்லுங்கள் என்கிறாள். உம்மாவுக்கு அவ்வளவு இந்தி புரியும். அவள் கைகள் மெல்லப் பிரிந்து மடியில் விழுந்தன. மைனி புகார் எண்ணை என் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அவர்கள் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்தாள். இனி அந்த மணி அடித்தால் யாரும் அண்ணனைத் தேடவில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நாளை செய்ய வேண்டியது: காலை ஒன்பதுக்குக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்க வேண்டும். பிறகு மைனிக்கு அவள் பெயரிலேயே ஒரு சிம் வாங்கி, ஆதார் மையத்தில் எண்ணை மாற்ற வேண்டும். அண்ணனின் எண்ணுக்கு இன்னும் ஒரு மாதம் மட்டும் ரீசார்ஜ்.